ராஸ்கோ பானிங்கின் ரஃப் தாள்கள்

வெல்ஸ் ஃபெரி சமுதாயக் கல்லூரி
4 பிப்ரவரி 2019

திரு. ராஸ்கோ பானிங் அவர்களுக்கு,

நான் ஆர்டித் சோல்ஹைம். தபால் வழி கணித வகுப்பில் உங்கள் விடைத்தாள்களைத் திருத்திவந்த திரு. ஹைன்ஸ் டிசம்பரில் ஓய்வு பெற்றுவிட்டார். ஸ்டோன் க்ரீக் சிறையிலிருந்து வருகிற தாள்களெல்லாம் இனி என் மேசைக்குத்தான் வரும். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. அதனால் நேராகவே எழுதுகிறேன்.

உங்கள் கோப்பை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். நான்கு வருடங்களுக்கு முன் இயற்கணிதத்துக்கும் முந்தைய அடிப்படை வகுப்பில் சேர்ந்திருக்கிறீர்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகுப்பில் இரண்டு முறை தோல்வி. மூன்றாம் முறை தட்டுத் தடுமாறித் தேறியிருக்கிறீர்கள். பிறகு இயற்கணிதம் இரண்டு, முக்கோணவியல் ஒன்று. எல்லாவற்றிலும் அடித்தல், திருத்தல், சுமாரான மதிப்பெண்.

இப்போது நுண்கணிதம். மூன்று பாடங்கள் முடித்து அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு தவறு இல்லை. ஓர் அடித்தல்கூட இல்லை. இருபத்திரண்டு வருடங்களாக இதே வகுப்பை நடத்துகிறேன். பகலில் மளிகைக் கடையில் நின்றுவிட்டு மாலையில் வருகிறவர்கள், பேரன் எடுத்த பிறகு வருகிறவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். நுண்கணிதத்தில் அடித்துத் திருத்தாத ஒருவரை இதுவரை பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனவே கேட்கிறேன்: இதை எழுதுவது யார்?

உங்களைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. மூன்றாம் பாடத்துக்கு நீங்கள் போட்ட ரஃப் தாள்களை அனுப்புங்கள். கிறுக்கலோ கறையோ எப்படி இருந்தாலும் சரி. மார்ச் முதல் தேதிக்குள் அவை வந்துவிட்டால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஆர்டித் சோல்ஹைம்


ஸ்டோன் க்ரீக்
13 பிப்ரவரி

மேடம்,

உங்கள் கடிதம் கிடைத்தது. ‘இதை எழுதுவது யார்?’ என்று கேட்டுவிட்டு அப்படியே எழுந்து போய்விட்டீர்கள். ‘இப்படிக்கு’ இல்லை, கையெழுத்து இல்லை. என்னைக் கைது செய்த போலீஸ்காரர்கூடக் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் கொஞ்சம் நின்றார்.

எழுதுவது நான்தான். ராஸ்கோ பானிங், வயது நாற்பத்தொன்பது. உள்ளே வருவதற்கு முன் இருபது வருடம் கூரை வேலை பார்த்தவன். நுண்கணிதம் எனக்கு எப்படி வந்தது என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எனக்கு அந்தப் பின்னம்தான் எப்படி வராமல் போனது என்று ஆச்சரியம். சரிவு என்றால் என்ன என்று எனக்குப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. பன்னிரண்டு அங்குலம் நகர்ந்தால் நான்கு அங்குலம் ஏறுகிற கூரையில் நடக்கலாம். பத்து அங்குலம் ஏறுகிற கூரையில் கயிறு கட்டாமல் ஒருவன் நின்றால் மறுநாள் அவன் மனைவி வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான். ஒரு வளைவு எந்த இடத்தில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று உங்கள் புத்தகம் கேட்கிறது. அது என் கணுக்காலுக்குத் தெரியும்.

தாள் சுத்தமாக இருப்பதுதான் குற்றமா? கூரைக்காரன் வீட்டுக்காரருக்குக் காட்டுவது மேலே பாவிய ஓடுகளைத்தான், அடியில் கோணிப்போன ஆணியை இல்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். என்னை முன்கூட்டியே வெளியே விடலாமா என்று மே 16 அன்று விடுதலைக் குழு விசாரிக்கிறது. பத்து வருடத்தில் முதல் முறை. நடத்தை, படிப்பு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஏமாற்றினான் என்று ஒரு வரி இருந்தால் போதும், கதவைச் சாத்திவிடுவார்கள். ஜூன் 8ஆம் தேதி என் மகள் டெஸ் பள்ளிப் படிப்பை முடித்து மேடையேறுகிறாள். அவளுடைய எந்த விசேஷத்துக்கும் நான் போனதில்லை. இதற்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

ராஸ்கோ பானிங்


வெல்ஸ் ஃபெரி
22 பிப்ரவரி

திரு. பானிங் அவர்களுக்கு,

கூரை உவமை நன்றாக இருந்தது. வகுப்பில் சொன்னேன், பையன்கள் சிரித்தார்கள். ஆனால் நான் கேட்டதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. கேட்காததற்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பதில் சொல்லி, கேட்டதை மட்டும் தாண்டிப் போகிற மாணவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேர் இப்போது வீட்டு மனை விற்கிறார்கள்.

கையெழுத்து இல்லை என்கிறீர்கள். நான் எழுதுகிற கடிதம் எதிலும் கையெழுத்து இல்லாமல் இருந்ததில்லை. இதை ஏன் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. புரிகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. உங்கள் பிரிவிலேயே எமெட் க்ராஸ் என்று ஒரு நில அளவையர் இருப்பதாக, சிறை வகுப்புகளைக் கவனிக்கிற எங்கள் அலுவலர் பேச்சுவாக்கில் சொன்னார். பட்டம் பெற்றவராம். சாப்பாட்டு மேசையில் இருவரும் அடுத்தடுத்து உட்காருவீர்களாம். இதை நீங்களாக என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு இரண்டு நாள் என்னால் எதுவும் எழுத முடியவில்லை. நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இருக்க முடியாது. அதனால் மறுபடி கேட்கிறேன். மேலே பாவிய ஓடுகளைப் பார்த்தது போதும், ஆணியைக் காட்டுங்கள். ரஃப் தாள்கள். மார்ச் 15 வரை காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆர்டித் சோல்ஹைம்


ஸ்டோன் க்ரீக்
5 மார்ச்

மேடம்,

இந்தக் கடிதத்திலும் எமெட்டைப் பற்றிச் சொன்னதோடு பேனாவை மூடிவிட்டீர்கள். எல்லாக் கடிதத்திலும் கையெழுத்துப் போடுவேன் என்று எழுதியிருக்கிற கடிதத்திலேயே கையெழுத்து இல்லை! என்னை என்னவென்று நினைத்தீர்கள்?

எமெட்டிடமே போய்க் கேட்டேன். அன்றைக்குச் சாப்பாடு பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும்.

“யோவ் பெருசு, எனக்கு நீதான் கணக்குப் போட்டுக் குடுக்குறியாமே?”

அவர் சிரித்த சிரிப்பில் ரொட்டித் துணுக்கு என் தட்டில் வந்து விழுந்தது. “நானா? வெளிய இருந்தப்ப கணக்கையெல்லாம் மெஷின்தான்யா போட்டுச்சு. நான் அந்த மெஷின நிறுத்துற முக்காலியப் புடிச்சுக்கிட்டு வெயில்ல நின்னேன், அவ்வளவுதான்.”

பிறகு உங்கள் கடிதங்களை வாங்கிப் படித்தார். முகம் மாறிவிட்டது. “ராஸ்கோ, ஒண்ணு சொல்றேன் கேளு. கையெழுத்து இல்லாத கடுதாசி எழுதுறவங்கள நம்பாத. நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு கைய விரிச்சிருவாங்க. நீ எழுதுறதுல மட்டும் உன் பேரு இருக்கு பாரு.”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் கேட்டது ‘யார்’ என்று. ‘நான்’ என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகும் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்கிறீர்கள். வேறென்ன கேட்டீர்கள்? என் வாயாலேயே நான் உளற வேண்டும் என்று காத்திருக்கிறீர்களா? நான் என்ன செய்தால் நம்புவீர்கள் என்று பச்சையாகச் சொல்லுங்கள். செய்துவிடுகிறேன். நான்காம் பாடம் இத்துடன் இருக்கிறது.

ராஸ்கோ பானிங்


வெல்ஸ் ஃபெரி
18 மார்ச்

திரு. பானிங் அவர்களுக்கு,

உங்கள் ரஃப் தாள்களை அனுப்பும்படி இரண்டு கடிதங்களில் கேட்டேன். தேதியும் கொடுத்தேன். கேட்கவே இல்லை என்பதுபோல் இரண்டு முறை பதில் எழுதிவிட்டீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று இப்போது என்னையே கேட்கிறீர்கள். வழக்கறிஞர்கள் இப்படிச் செய்வார்கள், தெரியும். மாணவர்கள் செய்தால் எனக்குப் பொறுக்காது.

பிறர் உதவியோடு எழுதப்பட்டதாகச் சந்தேகம் என்று இன்று காலை எங்கள் டீனிடம் புகார் கொடுத்துவிட்டேன். அதன் நகல் சிறை நிர்வாகத்துக்கும் போகும். உங்கள் நான்காம் பாடம் கணக்கில் சேராது.

ஆர்டித் சோல்ஹைம்


ஸ்டோன் க்ரீக்
27 மார்ச்

மேடம்,

இந்தக் கடிதத்தில் கையெழுத்து இருக்கிறது. பெரிதாக, அழகாக. கெட்ட செய்திக்கு மட்டும்தான் கையெழுத்துப் போடுவீர்கள் போலிருக்கிறது.

ரஃப் தாள் கேட்டீர்களாம். இரண்டு முறை கேட்டீர்களாம். பொய். அந்த வார்த்தையை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கேட்டிருந்தால் மறுநாளே அனுப்பியிருப்பேன். எல்லாமே என்னிடம் இருக்கின்றன. ஒரு தாளைக்கூட எறிந்ததில்லை.

இதோ அனுப்புகிறேன். இங்கே வெள்ளைத் தாள் லேசில் கிடைக்காது. வருகிற கடிதங்களின் பின்பக்கத்தில்தான் கணக்குப் போடுவேன். மூன்றாம் பாடத்தின் ரஃப், டெஸ் எழுதிய கடிதங்களின் பின்னால் இருக்கிறது. ஒரு பெண் தன் அப்பாவுக்கு எழுதியது அது. முன்பக்கத்தைப் படிக்காதீர்கள். நான்காம் பாடத்தின் ரஃப், உங்கள் இரண்டு கடிதங்களின் பின்னால். அவற்றின் முன்பக்கத்தைத் தாராளமாகப் படியுங்கள். ரஃப் தாள் என்று எந்த வரியில் கேட்டீர்கள் என்று விரலை வைத்துக் காட்டுங்கள், பார்க்கலாம்.

எமெட் தலையில் அடித்துக்கொண்டார். “அனுப்பாதய்யா! உன்கிட்ட இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான். அந்தம்மா அடுப்புல போட்டுட்டு, ஒண்ணும் வரலையேன்னு சொன்னா என்ன பண்ணுவ?”

என்ன பண்ணுவேன் என்று எனக்கும் தெரியவில்லை. இருந்தும் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். கோபத்திலா பயத்திலா என்று கேட்டால், இரண்டிலும்தான்.

ராஸ்கோ பானிங்


வெல்ஸ் ஃபெரி
8 ஏப்ரல்

திரு. பானிங் அவர்களுக்கு,

தாள்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. பத்தொன்பது தாள்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

விரல் வைத்துக் காட்ட என்னால் முடியவில்லை. நீங்கள் சொன்னது உண்மை. நான் சொன்னதும் உண்மை. ஆனால் தப்பு முழுக்க என்னுடையது.

எனக்கு நீளமான மஞ்சள் தாளில் எழுதித்தான் பழக்கம். கல்லூரியில் என் மேசையில் வேறு தாளே கிடையாது. பதினான்கு அங்குலம். ஒரு பக்கத்தில் முழுக் கடிதமும் அடங்கிவிடும், வாசகத்தை முடித்து அடியில் கையெழுத்துப் போட இடம் இருக்கும். நீங்கள் அனுப்பியவற்றில் என் கடிதங்கள் வெள்ளை நகல்களாக, பதினொரு அங்குலத்தில் இருந்தன. முதல் கடிதம் ‘யார்?’ என்பதோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே ஒரு பத்தி எழுதியிருந்தேன். ரஃப் தாள்களை அனுப்புங்கள், அதோடு இந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன் என்று. இரண்டாவதிலும் அப்படித்தான். கேட்டதெல்லாம் அடிப் பத்தியில். புகார் கொடுத்த கடிதம் குட்டையானது, அது மட்டும் உங்களுக்கு முழுசாக வந்துவிட்டது.

உங்கள் சிறையின் தபால் அறைக்குத் தொலைபேசினேன். ஒருவர் எடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே பேசினார்.

“ஒரிஜினல் எதுவும் உள்ள போகாதுங்க மேடம். தாள்ல போதை மருந்து தடவி அனுப்புறாங்க, அதனால காப்பிதான். நீட்டத் தாளா இருந்தா மெஷின் எடுக்கிற வரைக்கும் எடுக்கும்.”

“மீதி?”

“மீதி ஒரிஜினலோட கிழிக்கிற மெஷினுக்குப் போயிரும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே!”

எனக்குத் தெரியாது. விசாரித்திருக்க வேண்டும். ஒருவர் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லையென்றால், கேட்டது அவர் காதில் விழுந்ததா என்று பார்க்க வேண்டும். வகுப்பில் பின்வரிசைக்காரரிடம் அதைத்தான் முதலில் பார்ப்பேன். உங்களிடம் பார்க்கவில்லை. நீங்கள் இருக்கிற இடத்தை வைத்து, நீங்கள் திருடன் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இப்போது உங்கள் கணக்கு. ஒரே சார்பை ஐந்து முறை வகையிட்டிருக்கிறீர்கள், நான்கு முறை தப்பு. முக்கால் வர வேண்டிய இடத்திலெல்லாம் பதினாறில் பன்னிரண்டு என்று எழுதி, நல்ல பிரதியில் மட்டும் சுருக்கியிருக்கிறீர்கள். அங்குலத்தைப் பதினாறாகப் பிரிக்கிற அளவு டேப்பைப் பிடித்த கை. நான்கு வருடங்களுக்கு முந்தைய தாளில் இதே பதினாறுகளை ஹைன்ஸ் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறார். பட்டம் பெற்ற நில அளவையர் யாரும் பதினாறில் பன்னிரண்டு என்று எழுத மாட்டார். அது நீங்கள்தான்.

அன்றைக்கே டீனிடம் போய்ப் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன்.

“ஆர்டித், புகார் குடுக்கிறது சுலபம். வாபஸ் வாங்கணும்னா கமிட்டி கூடணும். அது ஆகஸ்ட்லதான்.”

“அவருக்கு மே மாசம் விசாரணை சார்.”

அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உண்மையச் சொல்லுங்க. அந்த ஆளு உங்கள மிரட்டுறானா?”

ஒரு மாதம் முன்பு நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அதனால் அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு அருகதையில்லை.

விடுதலைக் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மே 16 அன்று நேரிலும் வருகிறேன். டெஸ்ஸின் கடிதங்களைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். படிக்கவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் அவள் பெயர் இருந்ததும், என்னுடையவற்றில் என் பெயர் இல்லாததும் மட்டும் கண்ணில் பட்டன. அப்படித்தான் எனக்குப் பிடிபட்டது. தபாலில் அனுப்பினால் நகலின் நகல்தான் உங்கள் கைக்கு வரும். நேரில் கொடுக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

உங்கள் தாள்களை இனி வேறு யாராவது திருத்தட்டும் என்று நீங்கள் நினைத்தால் சொல்லுங்கள். ஏற்பாடு செய்கிறேன்.

இதைக் குட்டைத் தாள்களில் எழுதியிருக்கிறேன். ஐந்து தாள்கள், ஒவ்வொன்றிலும் கையெழுத்து உண்டு.

ஆர்டித் சோல்ஹைம்


ஸ்டோன் க்ரீக்
17 ஏப்ரல்

மேடம்,

ஐந்து தாளும் வந்தன. ஐந்திலும் கையெழுத்து இருக்கிறது. இங்கே வருவதெல்லாம் நகல்தான் என்று தெரியும், நீளத் தாளைப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று எங்களுக்கும் தெரியாது. எமெட் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா வரமாட்டாங்க. வர்றேன்னு எழுதுறவங்க யாரும் இங்க வந்ததில்ல.”

எனக்கும் நம்பிக்கை வரவில்லை. உங்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. இங்கே பத்து வருடம் இருந்தால் நல்ல வார்த்தையைக் கேட்டதும் கை தானாகச் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கும்.

நான் செய்ததை மறைக்க மாட்டேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டினேன். லாய்ட் ஹெஸ் என்ற மனிதர் செத்துப்போனார். அவருக்கும் ஒரு மகள். அதற்காக எத்தனை வருடம் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் செய்யாத ஒன்றுக்காக ஒரு நாள்கூட இங்கே கூடுதலாக உட்கார முடியாது. அது மட்டும் என்னால் முடியாது.

வந்தால் பார்க்கலாம்.

ராஸ்கோ பானிங்


வெல்ஸ் ஃபெரி
17 மே

திரு. பானிங் அவர்களுக்கு,

நேற்று என்னைப் பதினொரு நிமிடம்தான் பேசவிட்டார்கள். பிறகு வெளியே அனுப்பிவிட்டார்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காவலர் வந்து, “யாருக்காகம்மா வெயிட் பண்றீங்க?” என்று கேட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தொலைபேசினால் உறவினருக்கு மட்டும்தான் சொல்வோம் என்கிறார்கள்.

டெஸ்ஸின் கடிதங்களை உங்கள் கையில் கொடுக்க முடிந்தது. அந்த அளவுக்குச் சந்தோஷம். முடிவு என்ன ஆனாலும் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

ஆர்டித் சோல்ஹைம்


ஸ்டோன் க்ரீக்
26 மே

மேடம்,

உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். இது இரண்டாவது.

நீங்கள் வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கதவு திறந்து, குட்டையான ஒரு பெண்மணி மழைக் கோட்டோடு உள்ளே வந்து, “நான்தான் தப்புப் பண்ணினேன்” என்று உட்காருவதற்கு முன்பே சொன்னபோது, யாரோ வேறொருவருடைய வழக்கு என்றுதான் நினைத்தேன். குழுவுக்கும் பிடிபடவில்லை. உங்களை வெளியே அனுப்பிவிட்டு, நடுவில் இருந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“புகார் குடுத்தவங்களே நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து உனக்காகப் பேசுறாங்க. அந்தம்மாவுக்கும் உனக்கும் என்ன?”

“ஒண்ணுமில்லங்க. கணக்கு.”

“கணக்குக்காக யாருய்யா இவ்வளவு தூரம் வருவா?”

இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன் என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் வராமலிருந்தால் புகாரை நம்பியிருப்பார்கள். வந்ததால் உங்களையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார்கள். கல்லூரிக் கமிட்டி முடிவு சொல்லட்டும், அதுவரை எங்களால் எதுவும் சொல்ல முடியாது என்று செப்டம்பருக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். கதவைச் சாத்தவில்லை. திறக்கவுமில்லை.

ஜூன் 8 கையைவிட்டுப் போய்விட்டது. அது உங்களால்தான். பரவாயில்லை என்று எழுத மாட்டேன், ஏனென்றால் அது உண்மையில்லை. டெஸ்ஸிடம் தொலைபேசியில் சொன்னேன். “அப்பா, அந்த டீச்சர் எதுக்குப்பா நேர்ல வந்தாங்க? லெட்டர் போட்டிருந்தா போதுமே?” என்றாள். நான்கு நாள் அதையே யோசித்தேன். என்மேல் தப்பாகச் சொல்லப்பட்ட ஒன்றை எனக்கு எதிரிலேயே வந்து திரும்ப எடுத்துக்கொண்ட ஆளை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அதைத்தான் அவளிடம் கடைசியில் சொன்னேன்.

வேறு யாராவது திருத்தட்டுமா என்று ஏப்ரலில் கேட்டிருந்தீர்கள். அப்போது பதில் சொல்லவில்லை. எமெட் ஆளை மாற்றச் சொல்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறொருவர் வந்தால் என் கோப்பைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து என்னைச் சந்தேகப்பட ஆரம்பிப்பார். நீங்கள் சந்தேகப்பட்டு முடித்துவிட்டீர்கள். நீங்களே திருத்துங்கள்.

ராஸ்கோ பானிங்